மாரியில் அடைபட்ட பந்து

குளிர்காலத்தில் சிறுவர்களுக்கு உள்ளரங்கில் உதைபந்தாட்டப் பயிற்சி என்று சொன்னால் மாத்தளைக்காரர் ஒருவர் சிரிக்கத்தான் செய்வார். எங்களுக்குப் பனி ஏது, உறைந்த மைதானம் ஏது? ஆனால் ஒக்டோபர் நடுப்பகுதி தொடக்கம் ஜனவரி வரை எங்கள் மாவட்டத்தின் மலைப்பகுதிகளில் வாழ்ந்து பார்த்தவர்கள் அவ்வளவு இலகுவில் சிரித்துவிட மாட்டார்கள். இடைப்பருவ மழையும், அதைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று மழையும் நக்கிள்ஸ் மலைத்தொடரில் மோதிக் கொட்டித் தீர்க்கும் மாதங்கள் அவை. பின்னேரம் நான்கு மணிக்கே மலை இருண்டுவிடும். நகரத்து மைதானத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும். தோட்டத்து மைதானத்தில், அப்படி ஒன்று இருந்தால், மண் வழுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் தவணை முடிந்து நீண்ட விடுமுறை விடுவது வழக்கமாக டிசம்பரில்தான். ஆண்டு முழுவதிலும் பிள்ளைகளுக்கு அதிக நேரம் கிடைக்கும் மாதம் அது. மைதானம் கிடைக்காத மாதமும் அதுதான். கனடாவிலும் நோர்வேயிலும் பனி செய்கின்ற வேலையை இங்கே மழை செய்கிறது. அவர்கள் கூரை போட்டு அதற்குக் கீழே பிள்ளைகளை ஓடவிட்டார்கள். நாம் பிள்ளைகளை வீட்டுக்குள் இருக்கச் சொன்னோம்.

உள்ளக உதைபந்தாட்டம் என்பது பணக்கார நாடுகளின் சொகுசு என்றோர் எண்ணம் நம்மிடையே ஆழமாக ஊன்றிவிட்டது. விளையாட்டு அதிகாரிகள் முதல் பாடசாலை அதிபர்கள் வரை பலரிடம் இதனை நான் கேட்டிருக்கிறேன். "நமக்கு வெளியில் ஆடவே வழியில்லை, உள்ளே எங்கே ஆடுவது?" என்பார்கள். அந்த விளையாட்டுப் பிறந்த கதையை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஆகவே சற்றுப் பின்னோக்கிப் போவோம்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற நகரம். கிறிஸ்தவ வாலிபர் சங்கம், அதாவது நாம் வை.எம்.சி.ஏ. என்று அழைக்கும் அமைப்பு, அங்கே ஒரு பயிற்சிக் கல்லூரியை நடத்தி வந்தது. வெளியே பனி. உள்ளே அடைபட்டுக் கிடந்த மாணவர்களுக்கு ஒரே மாதிரியான தேகாப்பியாசம் அலுத்துப் போயிற்று. அவர்களுக்கு ஏதாவது புதிய விளையாட்டொன்றைக் கண்டுபிடி என்று ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற இளம் ஆசிரியரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இரண்டு வாரங்கள் அவகாசம். கூடைப்பந்தாட்டம் பிறந்த இந்தக் கதை பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது, நெய்ஸ்மித் அதற்கு முன்னர் உதைபந்தாட்டத்தையும் முயன்று பார்த்தார் என்பது. வெளியில் ஆடும் உதைபந்தாட்டத்தை அப்படியே மண்டபத்துக்குள் கொண்டுவந்து பார்த்தார். யன்னல்கள் உடைந்தன, மாணவர்கள் காயப்பட்டார்கள், முயற்சி கைவிடப்பட்டது. பின்னர்தான் மேல்மாடக் கைபிடிச்சுவரில் பத்தடி உயரத்தில் பழக்கூடைகளைத் தொங்கவிட்டார். அந்தக் கூடைகளுக்குள் முதன்முதலில் எறியப்பட்டது உதைபந்து என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். வேறு பந்து கைவசம் இருக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1895இல், அதே மாநிலத்தின் ஹோலியோக் நகரத்து வை.எம்.சி.ஏ.யில் வில்லியம் மோர்கன் என்பவர் கரப்பந்தாட்டத்தை உருவாக்கினார். கூடைப்பந்தில் ஓடிக் களைத்துப்போகும் சற்று வயதான அங்கத்தவர்களுக்காக அவர் யோசித்தது அது. அதுவும் மண்டப விளையாட்டுத்தான்.

இந்த இரண்டாவது விளையாட்டு எங்கள் நாட்டுக்கு வந்த விதம் சுவையானது. 1916ஆம் ஆண்டில் கொழும்பு வை.எம்.சி.ஏ.யின் உடற்கல்விப் பணிப்பாளராக இருந்த வோல்டர் கமக் அதனை இங்கே அறிமுகப்படுத்தினார். வந்ததும் அது செய்த முதற் காரியம் கூரையைக் கழற்றி எறிந்ததுதான். இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, பதினெட்டு மீற்றர் நீளமும் ஒன்பது மீற்றர் அகலமும் கொண்ட ஒரு துண்டுத் தரை. வயற்கரையிலும் கடற்கரையிலும் கோயில் வளவிலும் ஆடினார்கள். 1991இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்டது கிரிக்கெட் அல்ல, இந்தக் கரப்பந்தாட்டமே. அமெரிக்கப் பனிக்காக உண்டான ஆட்டம் இலங்கையின் வெயிலில் தேசிய விளையாட்டாயிற்று!

தோட்டங்களிலும் கரப்பந்தாட்டம் காலூன்றியதற்குக் காரணம் அந்தத் துண்டுத் தரைதான். தேயிலைத் தோட்டத்தில் சமதரை என்பது அரிய பொருள். இருக்கும் சமதரையில் தொழிற்சாலை நிற்கும், துரை பங்களா நிற்கும், பிரட்டுக்களம் இருக்கும். காலையில் பேர் கொடுக்கும் அதே பிரட்டுக்களத்தில் பின்னேரம் வலை கட்டி ஆடுவார்கள். எல்கடுவை, ரத்தோட்டை, கம்மடுவை, கந்தேநுவர என்று எந்தப் பக்கம் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். உதைபந்தாட்டத்திற்கு நூறு மீற்றர் சமதரை வேண்டும். அதற்குத் தோட்டம் எங்கே போகும்? ஏழு பேர், ஐந்து பேர் என்று ஆளைக் குறைத்துக்கொண்டு லயத்து வாசலில் ஆடிய தலைமுறை எங்களுடையது. பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போய்விட்டால் அதை எடுத்துவரப் போனவன் காலில் அட்டையோடு திரும்புவான். பந்தை வெளியே அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும் என்பது எங்கள் சட்டம். அதனால் நாங்கள் எல்லோரும் பந்தைத் தாழ்வாகவும் மெதுவாகவும் அடிக்கப் பழகினோம். அதைப் பெரிய நுட்பம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

இனி மூன்றாவது விளையாட்டுக்கு வருகிறேன்.

1930ஆம் ஆண்டு, தென் அமெரிக்காவின் உருகுவே. ஏற்கெனவே 1924, 1928 ஒலிம்பிக் போட்டிகளில் உதைபந்தாட்டத் தங்கம் வென்ற நாடு. 1930 ஜூலையில் முதலாவது உலகக் கிண்ணம் அதன் தலைநகர் மொன்டிவீடியோவில் நடந்தது. இறுதிப் போட்டியில் ஆர்ஜென்டினாவை 4-2 என்ற கோல் கணக்கில் வென்று உருகுவே கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டது. நாடே பித்துப் பிடித்தாற்போல் ஆயிற்று. தெருவெல்லாம் பந்து. ஆனால் நகரத்துச் சிறுவர்களுக்குப் போதிய மைதானங்கள் இல்லை. ஜூலை அங்கே குளிர்காலம். மழையும் காற்றும் வேறு. மொன்டிவீடியோ வை.எம்.சி.ஏ.யில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இதைக் கவனித்தார். இடம் கிடைக்காத பையன்கள் கூடைப்பந்துத் தளத்தில் உதைபந்து ஆடுவதைக் கண்டார். விரட்டிவிட்டிருக்கலாம். நம்மூர் ஆசிரியர் பலர் அதைத்தான் செய்திருப்பார்கள். செரியானி அவர்களுக்காகச் சட்டம் எழுதினார்.

அவர் எழுதிய சட்டங்களில் சொந்தச் சரக்கு என்று அதிகம் இல்லை என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. அணிக்கு ஐவர் என்பதையும் ஆட்ட நேரத்தையும் கூடைப்பந்திலிருந்து எடுத்தார். தளத்தின் அளவையும் கோல் கம்பங்களின் அளவையும் கைப்பந்தாட்டத்திலிருந்து எடுத்தார். கோல் காப்பாளருக்கான விதிகளை நீர்ப்பந்தாட்டத்திலிருந்து எடுத்தார். காலால் உதைக்க வேண்டும் என்பது மட்டும் உதைபந்தாட்டத்தினுடையது. இருந்த மண்டபம், இருந்த கோடுகள், இருந்த சட்டங்கள். நெய்ஸ்மித் 39 ஆண்டுகளுக்கு முன்னர் தோற்ற இடத்தில், அதே வை.எம்.சி.ஏ. மரபைச் சேர்ந்த இன்னோர் ஆசிரியர் வென்றார். ஸ்பிரிங்ஃபீல்டில் பெரிய மைதானத்து ஆட்டத்தைச் சின்ன மண்டபத்துக்குள் திணித்துப் பார்த்தார்கள். மொன்டிவீடியோவில் மண்டபத்தின் அளவுக்கு ஆட்டத்தையே வெட்டித் தைத்தார்கள்.

யன்னல் பிரச்சினையும் தீர்ந்தது. பந்தின் துள்ளலைக் குறைத்துவிட்டார்கள். பிரேசிலில் ஆரம்பகாலப் பந்துகளுக்குள் மரத்தூளும் தக்கையும் குதிரைமயிரும் அடைத்தார்கள் என்பார்கள்; ‘கனத்த பந்து ஆட்டம்’ என்ற பட்டப்பெயர் அங்கே அதற்கு உண்டு. இன்றைய விதிப்படி புட்சால் பந்தை இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து விட்டால் முதல் துள்ளலில் 50 முதல் 65 சென்ரிமீற்றர் வரைதான் எழ வேண்டும். முழங்காலைத் தாண்டாத பந்து யன்னலை உடைக்காது. சிறுவர்கள் அதனைத் தரையோடு தரையாகப் பழகிக்கொள்கிறார்கள். பெலே, ரொனால்டினோ, மெஸ்ஸி எனப் பலரும் தங்கள் கால் பழகியது இந்தச் சின்னத் தளத்தில்தான் என்று பிற்காலத்தில் சொல்லியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அகலமில்லாத இடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் பந்து அடிக்கடி வரும். வந்ததும் யோசிக்க நேரமிராது.

உருகுவேயிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற ஆட்டம் அங்கிருந்து உலகெங்கும் பரவியது. 1971இல் அதற்கென ஒரு சர்வதேசச் சம்மேளனம் உருவாயிற்று. முதல் தலைவர் ஜோவோ ஹவலாஞ்ச்; பின்னாளில் ஃபிஃபாவையே 24 ஆண்டுகள் ஆண்ட அதே மனிதர். 1989இல் நெதர்லாந்தில் ஃபிஃபா தனது முதலாவது புட்சால் உலகக் கிண்ணத்தை நடத்தியது, பிரேசில் வென்றது. இவ்விடத்தில் சர்வதேச அரசியல் நிறைய உண்டு. அதனை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம்.

வட அமெரிக்காவில் கதை வேறு பாதையில் போயிற்று. அங்கே பனிச்சறுக்கு ஹொக்கி அரங்குகள் நிறைய இருந்தன. 1974 பெப்ரவரியில் மொஸ்கோவின் இராணுவ அணியொன்று பிலடெல்பியாவின் ஹொக்கி அரங்கில் ஆடிய உள்ளகப் போட்டிக்குப் பதினோராயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அதைப் பார்த்த வர்த்தகர்கள் சிலர் சும்மா இருப்பார்களா? 1978இல் தொழில்முறை உள்ளக உதைபந்தாட்ட லீக் ஒன்று தொடங்கிவிட்டது. சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் ஆட்டத்தில் சேர்த்தி. அந்த லீக் நீடிக்கவில்லை. ஆனால் குளிர்காலத்தில் பிள்ளைகளை உள்ளே ஆடவிடலாம் என்ற பழக்கம் நிலைத்தது. பிறகு காற்றடைத்த கூடாரங்கள் வந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வோல்டர் பேர்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் ராடர் கருவிகளைப் பனியிலிருந்து காப்பதற்காக உருவாக்கிய தொழில்நுட்பம் அது. இன்று ரொறன்ரோவில் என் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் ஜனவரி மாதத்துச் சனிக்கிழமைகளில் அத்தகைய கூடாரமொன்றுக்குள்தான் பந்து உதைக்கிறார்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை. உள்ளே அரைக்காற்சட்டை. அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த என் அயலவர் ஒருவர், "மழைக்கும் இது நிற்குமா?" என்று கேட்டார். மாத்தளைக்காரனின் கேள்வி!

குளிர்நாடுகளில் எனக்கு மிகவும் வியப்பளித்தது ஐஸ்லாந்து. அதன் சனத்தொகை 2016இல் ஏறத்தாழ 3 இலட்சத்து 30 ஆயிரம். ஒப்பிட்டுப் பாருங்கள்: 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி எங்கள் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகை 4 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேல். ஐஸ்லாந்தில் வருடத்தின் பாதி இருளும் காற்றும் பனியும். 2000ஆம் ஆண்டில் கெஃப்லாவிக் பகுதியில் முழு அளவிலான முதலாவது உள்ளக உதைபந்தாட்ட மண்டபத்தைத் திறந்தார்கள். அதனைத் தொடர்ந்து உள்ளூராட்சி சபைகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்டபங்களைக் கட்டின. பாடசாலைகளை ஒட்டி நூற்றுக்கு மேற்பட்ட சிறு செயற்கைத் தளங்களை அமைத்தார்கள். சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களும் உரிய பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டார்கள். அந்த மண்டபங்களில் வளர்ந்த பிள்ளைகள் 2016 ஜூனில் ஐரோப்பியக் கிண்ணத்தில் இங்கிலாந்தை 2-1 என வென்றார்கள். 2018இல் உலகக் கிண்ணத்திற்குப் போனார்கள். அதுவரை உலகக் கிண்ணத்தில் ஆடிய நாடுகளில் மிகச் சிறியது அதுவே. அணியின் பயிற்றுவிப்பாளர் ஹெய்மிர் ஹல்கிரிம்சன் தொழில்முறைப் பல் வைத்தியர்.

கவனிக்க வேண்டியது வெற்றியை மட்டுமல்ல. அந்த மண்டபங்களைக் கட்டியவை பெரும்பாலும் உள்ளூராட்சி சபைகள். அயல்நாடான நோர்வே ஒருபடி மேலே போயிற்று. அங்கே 1987ஆம் ஆண்டிலேயே சிறுவர் விளையாட்டுக்கென விதிகள் வகுக்கப்பட்டன. 2007இல் அவை சிறுவர் உரிமைகளாகத் திருத்தி எழுதப்பட்டன. பதினோரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் போட்டிகளுக்குப் புள்ளிப் பட்டியல் வெளியிடக்கூடாது என்பது அவற்றுள் ஒன்று. குளிர்காலப் பயிற்சியின் நோக்கம் நட்சத்திரங்களைத் தயாரிப்பதல்ல, எல்லாப் பிள்ளைகளையும் ஓடவைப்பது என்ற தெளிவு அதில் இருக்கிறது. எங்கள் நாட்டில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கே வெட்டுப்புள்ளி போட்டுப் பழகியவர்களுக்கு இது விளங்கச் சற்றுக் காலம் எடுக்கும்.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். மழை உதைபந்தாட்டத்துக்கு எதிரியா என்ன? தெற்காசியாவில் அது மழைக்காலத்து ஆட்டமாகத்தானே வளர்ந்தது? கல்கத்தாவில் லீக் போட்டிகள் பருவமழையில்தான் நடந்தன. 1911 ஜூலை 29இல் மோகன் பகான் அணியினர், ஒருவரைத் தவிர ஏனையோர் வெறுங்காலுடன், ஈஸ்ட் யோர்க்ஷயர் படையணியை 2-1 என்று வென்ற கதையை அறியாத உதைபந்தாட்ட இரசிகர் இல்லை. உண்மைதான். சேற்றில் ஆடும் இன்பம் எனக்கும் தெரியும். ஆனால் கல்கத்தா மைதானம் சமவெளி. மாத்தளையின் தோட்டத்து மைதானங்கள் மலையைச் செதுக்கி எடுத்த மேடைகள். ஒரு பக்கம் மண் அணை, மறுபக்கம் சரிவு. தொடர்மழையில் அந்த அணைக்குக் கீழே பிள்ளைகளை நிறுத்துவது பொறுப்பற்ற செயல். இருட்டில் தோட்டத்துப் பாதை வழியே வீடு திரும்ப வேண்டிய பெண்பிள்ளைகளுக்கு அந்த மைதானம் இன்னும் தொலைவாகிவிடுகிறது. எந்தத் தாயும் அனுப்பமாட்டாள். அனுப்பாததற்கு அவளைக் குறை கூறவும் முடியாது.

மழைக்குப் பரிகாரம் தேட எங்கள் நாட்டவருக்குத் தெரியாது என்றும் யாரும் சொல்லிவிடக் கூடாது. இதே மாத்தளை மாவட்டத்தின் வடக்கில் ரங்கிரி தம்புள்ளை சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில், ஆறு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் கட்டி எழுப்பப்பட்டது. 2001 மார்ச்சில் இங்கிலாந்துடன் முதலாவது சர்வதேசப் போட்டி நடந்தது. ஏன் தம்புள்ளை? தென்மேல் பருவமழைக் காலத்தில் கொழும்பிலும் கண்டியிலும் ஆட்டம் தடைப்படும். வரண்ட வலயத்தில் ஒரு மைதானம் இருந்தால் அந்த மாதங்களிலும் ஒருநாள் போட்டிகளை நடத்தலாம் என்ற கணக்கு. நல்ல கணக்குத்தான். தொலைக்காட்சிக் கிரிக்கெட்டுக்கு மழை ஒரு பிரச்சினை என்று தெரிந்தவுடன் அறுபது ஏக்கர் அளவில் நிலம் கிடைத்தது, பணம் கிடைத்தது, அரசியல் ஆதரவு கிடைத்தது. அதே மாவட்டத்தின் தெற்கில் ஒரு பாடசாலையின் வலைப்பந்துத் தளத்துக்கு மேலே தகரக் கூரை போட எந்தக் கணக்கும் சரிவரவில்லை.

தம்புள்ளையில் கிரிக்கெட் பார்ப்பதை நான் வெறுக்கிறேன் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். செய்தியாளர் கூடத்தில் பல நாட்கள் இருந்தவன்தான்.

உதைபந்தாட்டத்தின் நிலைமையையும் சொல்ல வேண்டும். இலங்கை 1952ஆம் ஆண்டிலிருந்து ஃபிஃபாவின் அங்கத்துவ நாடு. 1995இல் தெற்காசியக் கிண்ணத்தை வென்ற நாடு. அத்தகைய நாட்டின் சம்மேளனம் 2023 ஜனவரியில் ஃபிஃபாவினால் இடைநிறுத்தப்பட்டு, ஓகஸ்டில்தான் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. தேர்தல் சண்டைகளில் காலம் போகும் சம்மேளனங்களுக்குச் சிறுவர்களின் டிசம்பர் விடுமுறையைப் பற்றி யோசிக்க நேரம் எங்கே?

அந்த இடைவெளியை வர்த்தகம் நிரப்பியது. கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் செயற்கைப் புல் விரித்து, வலை கட்டி, மின்விளக்குப் போட்ட வாடகைத் தளங்கள் பெருகின. அலுவலக இளைஞர்கள் வேலை முடிந்து வந்து மணிக்கணக்கில் வாடகை கொடுத்து ஆடுகிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் இடமில்லாத பையன்களுக்காக ஓர் ஆசிரியர் உண்டாக்கிய ஆட்டம், எங்கள் நாட்டுக்குள் நுழையும்போது வாடகைப் பற்றுச்சீட்டோடு நுழைந்தது. அத்தகைய தளத்தில் ஒரு மணிநேரத்துக்கு அறவிடப்படும் தொகை ஒரு தோட்டத் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்தை விடக் கூடுதல். கரப்பந்தாட்டம் 1916இல் ஓர் ஆசிரியரின் கைவழியாக வந்தது. பாடசாலை, கிராமம், தோட்டம் என்று இறங்கிற்று. புட்சால் பணப்பெட்டியின் வழியாக வந்தது. நகரத்தை விட்டு இறங்க அதற்கு அவசரமில்லை. ஒரு விளையாட்டு எந்த வாசலால் நுழைகிறது என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடு முழுவதிலும் 600க்கும் அதிகமானோரைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன. அந்த நாட்களில் கூரையுள்ள பெரிய இடங்களுக்கு என்ன மதிப்பு என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. பாடசாலைக் கட்டடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பன்சலைகளிலும் பள்ளிவாசல்களிலும் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. அப்போது விளையாட்டைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் வராது, பேசவும் கூடாது. ஆனால் மீள்கட்டுமானத் திட்டங்கள் வரையப்படும் காலத்தில் பேசலாம். அனர்த்தத்தில் அடைக்கலம் தருவதும், மற்ற மாரிகளில் பிள்ளைகள் ஓடுவதும் ஒரே கூரையின் கீழ் நடக்க முடியும். பாதுகாப்பான நிலத்தில் தூண் நிறுத்தி, பக்கங்களைத் திறந்துவிட்டு, நீண்ட தகரக் கூரை போட்ட ஒரு மண்டபம். தேயிலைத் தொழிற்சாலைகளைக் கட்டிய எங்கள் மலைக்கு அப்படியொரு கட்டடம் புதிய விடயமல்ல.

தொழிற்சாலை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மலையகத்தில் மூடப்பட்ட தேயிலைத் தொழிற்சாலைகள் சில உல்லாச விடுதிகளாயின. கந்தப்பளையில் ஹெதர்செட் தோட்டத்துத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகி இன்று உலகப் புகழ்பெற்றிருக்கிறது. கொழுந்து வாடப்போட்ட நீண்ட மாடிகள் விருந்தினர் அறைகளாயின. அப்படி ஒரு மாடியையாவது பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை. கட்டடங்கள் கம்பனிகளுடையவை, பிள்ளைகள் எவருடைய பொறுப்பு என்பது எப்போதும் விவாதத்துக்குரியது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான் என்பதை மறந்துவிடலாகாது. அதற்கு முன்னர் பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஓர் அறையும் ஓர் ஆசிரியரும்தான். பின்னர் சுவீடன் நாட்டு உதவியுடன் புதிய கட்டடங்கள் எழுந்தன. வகுப்பறைகள் கிடைத்தன, விளையாட்டு மண்டபம் அந்தப் பட்டியலில் இருக்கவில்லை. அப்போதைய தேவை எழுத்தறிவு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை.

அளவுகளைச் சற்றுப் பாருங்கள். சர்வதேசம் அல்லாத போட்டிகளுக்குப் புட்சால் தளம் குறைந்தது 25 மீற்றர் நீளமும் 16 மீற்றர் அகலமும் இருந்தால் போதும். வலைப்பந்துத் தளம் 30.5 மீற்றர் நீளம், 15.25 மீற்றர் அகலம். கிட்டத்தட்ட அதே அளவு. வலைப்பந்தாட்டத்தில் ஆசிய சம்பியன்களான நாட்டில், மாத்தளை நகரத்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பெண்பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் வலைப்பந்துத் தளங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கோடுகள் இருக்கின்றன, தரை இருக்கிறது, பெண்பிள்ளைகள் ஏற்கெனவே அங்கே நிற்கிறார்கள். வேண்டியது மூன்று மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் உயரமும் கொண்ட இரண்டு கோல் கம்பங்கள், துள்ளாத பந்து சில, தலைக்கு மேல் ஒரு கூரை. கூரைதான் செலவு. ஏனையவற்றுக்குப் பழைய மாணவர் சங்கமொன்றின் ஒரு மாதச் சேகரிப்பே போதும்.

பெண்பிள்ளைகளை நான் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பிரேசிலில் 1941ஆம் ஆண்டுச் சட்டமொன்று பெண்கள் உதைபந்தாடுவதைத் தடைசெய்தது. அந்தத் தடை நீங்க 1979 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே பிரேசிலின் பெண்கள்தான் ஃபிஃபா நடத்திய முதலாவது மகளிர் புட்சால் உலகக் கிண்ணத்தை 2025 டிசம்பரில் வென்றார்கள். இறுதிப் போட்டியில் போர்த்துக்கலை 3-0 என்று தோற்கடித்தார்கள். போட்டி நடந்த நாடு பிலிப்பைன்ஸ். பனி விழாத நாடு, புயலுக்கும் பெருமழைக்கும் பழகிய நாடு. கூடைப்பந்து அங்கே ஒரு மதம் போல. ஊருக்கு ஊர் கூரை போட்ட கூடைப்பந்துத் தளங்கள் இருக்கின்றன. மழை வந்தால் அவற்றின் கீழே ஒதுங்குகிறார்கள், புயல் வந்தால் படுத்துறங்குகிறார்கள், மற்ற நாட்களில் ஆடுகிறார்கள்.

டித்வா வீசிய அதே வாரத்தில் அந்த நாட்டில் உலகக் கிண்ண ஆரம்பச் சுற்று ஆட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. மாத்தளையில் பல பகுதிகளுக்கு மின்சாரம் இருக்கவில்லை. ஆகவே இங்கே அதைப் பார்த்தவர்கள் அதிகம் இருந்திருக்க முடியாது.